சீட்டின்மையும் வஞ்சகமும்

புகைவண்டி ஏறுவோர் யாவரும் சீட்டுப் பெற்றே ஏறவேண்டும் என்பது சிறுவரும் அறிந்த விதி. அவ்விதியை வேண்டுமென்றே மீறுவோர்க்குப் பரிந்து பேச நாம் புகுந்தோமல்லேம். சீட்டு வாங்கியும் கேட்டபோது காட்ட இயலாது நின்றோர், வாங்க முயன்றும் கிடையாமையால் ஏறிவிட்டோர், வாங்கிய சீட்டின் எல்லையை அறியாது கடந்தோர் என இவ்வாறு ஒரு சாரார் உளர். அவர்மேல் "கட்டணம் கொடாது ஏய்க்கக் கருதினாய்" என்னும் பழி சுமத்தப்படுமாயின் அவர் யாது சொல்லலாம், யாது செய்யலாம், சட்டம் அவர்க்கு எத்துணை இடந்தருகின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொருள் நம் கல்லூரி மலருக்கு ஏற்றதோ என ஐயுறுவார் சிலர் இருக்கலாம். நாள்தோறும் புகைவண்டியில் வந்து பயின்று மீளும் மாணவர் நம்முள் பலர். பயின்று முடித்துத் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் அமர்ந்த பழைய மாணவரும் அவ்வாறே. ஏய்த்தல் என்னும் குற்றத்துக்குத் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டால், செலுத்திய பணம் ஒரு மாதத்தில் மறந்துபோம். பெயர்மேல் நின்ற எழுத்தோ மறையாது. வேலைக்கு எழுதும் விண்ணப்பத்தில் "நீவிர் எக்குற்றத்துக்கேனும் தண்டனை பெற்றதுண்டோ?" என்னும் வினாவைக் காணும்போதுதான் அதன் கனம் விளங்கும். ஆகவே இதில் தொகை சிறிது, பழி பெரிது.

வல்லக்கோட்டை என்னும் ஊரைச் சான்றாகக் கொள்வோம். அருணகிரிநாதரால் பாடப்பெற்ற முருகன் கோயிலால் புகழ்பெற்ற ஊர் அது. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே அமைந்த அவ்வூரைச் சூழ, முன்னர் வயலும் ஏரிக்கரையுமாய் இருந்த நிலப்பரப்பில், இந்நாளில் மோட்டார் வண்டிகளும், டயர்களும், கைப்பேசிகளும் செய்யும் ஆலைகள் எழுந்துள்ளன. தென்மாவட்டங்களினின்றும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு முதலிய தூர தேசங்களினின்றும் வந்த இளைஞர் பல்லாயிரவர் அங்கு உழைக்கின்றனர். ஆயினும் அவ்வூருக்குப் புகைவண்டி நிலையம் இல்லை. பேருந்தேறிச் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு வந்து சென்னை செல்லும் மின்சார வண்டியைப் பிடித்தல் வேண்டும். அன்றேல் வாலாஜாபாத்துக்குச் சென்று செங்கற்பட்டு–அரக்கோணம் பாதையில் ஓடும் வண்டியைப் பிடித்தல் வேண்டும். பேருந்து தாமதித்து வந்து நிற்கும். வண்டியோ மேடைக்கு வந்துவிடும். சீட்டுச் சாளரத்தில் வரிசை நீண்டிருக்கும். இரவு முறை வேலை முடித்துக் கண்ணயர்ந்த ஒருவன் இறங்கவேண்டிய நிலையத்தைத் தாண்டிச் செல்வதும் உண்டு. பரிசோதகர் பேசும் மொழி பிரயாணிக்குத் தெரியாமற்போவதும் உண்டு. வழக்குகள் பிறக்கும் இடம் இதுவே.

சீட்டு என்பது யாது?

முதற்கண் சீட்டு இன்னதென்று தெளிதல் நலம். பிரயாணிகளைக் கட்டுப்படுத்துவதற்கென்றே சீட்டு ஏற்பட்டது எனப் பலரும் கருதுவர். வரலாறு சிறிது வேறுவகையாய்ச் சொல்லும். இங்கிலாந்தில் 1830-களின் பிற்பகுதியில் நியூகாஸில்–கார்லைல் இருப்புப்பாதையில் நிலைய அதிகாரியாய் இருந்த தாமஸ் எட்மண்ட்ஸன் என்பார், கையால் எழுதிக் கொடுத்துவந்த காகிதத் துண்டுகளுக்கு மாற்றாகத் தொடரெண் பொறித்த சிறு அட்டைச் சீட்டுகளை வகுத்தார். எண்கள் வரிசையாய் இருந்தமையின், எஞ்சிய சீட்டின் எண்ணைப் பார்த்த அளவிலே, விற்றவை எத்தனை, பெட்டியில் இருக்கவேண்டிய பணம் எவ்வளவு என்பன புலனாயின. எனவே அச்சீட்டு பிரயாணியை மட்டுமன்று, பணம் வாங்கிய எழுத்தரையும் கணக்குக்கு உட்படுத்தும் கருவியாய் அமைந்தது. அவ்வட்டைச் சீட்டு உலகெங்கும் பரவிற்று. நம் நாட்டிலும் கணிப்பொறிச் சீட்டுகள் வரும்வரை நெடுங்காலம் வழங்கிற்று.

இந்நாளில் நடைமுறையிலுள்ள 1989-ஆம் ஆண்டு ரெயில்வே சட்டமும், கட்டணம் செலுத்தியவனுக்குச் சீட்டு அளித்தல் வேண்டும் என்றும், அச்சீட்டில் கொடுத்த தேதி, வகுப்பு, புறப்படும் இடம், சேரும் இடம், கட்டணம் ஆகியவை குறிக்கப்படல் வேண்டும் என்றும் 50-ஆம் பிரிவில் விதிக்கின்றது. ஆதலின் சீட்டு என்பது பணம் பெற்றமைக்கு ரசீது. இன்ன தூரம் இன்ன வகுப்பில் ஏற்றிச் செல்வோம் என்னும் உடன்படிக்கைக்குச் சான்று. சான்று தொலைதல் வேறு. உடன்படிக்கையே செய்யாது ஏறுதல் வேறு. செய்யாததைச் செய்ததுபோல நடித்து ஏய்த்தல் வேறு. இம்மூன்றையும் ஒன்றாய்க் குழப்புவதே பெரும்பாலான வாதங்களுக்கு வேர். குழப்பம் பரிசோதகரிடத்தும் உண்டு, பிரயாணியிடத்தும் உண்டு.

இருவேறு பிரிவுகள்

தென்னாட்டின் முதற் புகைவண்டி 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் இராயபுரத்தினின்றும் வாலாஜா ரோடு வரை ஓடிற்று. பின்னர் இந்திய இருப்புப்பாதைகள் அனைத்துக்கும் பொதுவாக 1890-ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பெற்றது. நூறாண்டு அச்சட்டம் ஆண்டபின், 1989-ஆம் ஆண்டுச் சட்டம் 1990 ஜூலை 1 முதல் அதன் இடத்தைப் பெற்றது. இவ்விரு சட்டங்களிலும் மாறாது நிற்கும் ஒரு வேறுபாட்டை நம் மாணவர் கருத்தில் பதித்துக்கொள்ளுதல் வேண்டும். ஏய்க்கும் எண்ணத்தோடு பிரயாணம் செய்தலை ஒரு பிரிவும், எண்ணம் யாதாயினும் சீட்டின்றிப் பிரயாணம் செய்தலை மற்றொரு பிரிவும் கூறுகின்றன. பழைய சட்டத்தில் அவை 112, 113 ஆகிய பிரிவுகள். இப்போதைய சட்டத்தில் 137, 138 ஆகிய பிரிவுகள்.

137-ஆம் பிரிவின் உயிர் அதன் தொடக்கத்திலேயே உளது. ரெயில்வே நிருவாகத்தை ஏய்க்கும் கருத்துடன் ஒருவன் சீட்டின்றி வண்டியில் ஏறினால், அல்லது முன்னரே பயன்படுத்திய சீட்டை மீண்டும் பயன்படுத்தினால், அது குற்றம். அதற்குத் தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தக்க காரணத்தைத் தீர்ப்பில் எழுதினாலன்றி அபராதம் 500 ரூபாய்க்குக் குறைதல் ஆகாது. இத்தண்டனையை விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உரியது.

138-ஆம் பிரிவு வேறு இயல்பினது. கேட்டவுடன் சீட்டைக் காட்டத் தவறியவரும் மறுத்தவரும், சீட்டின்றி ஏறியவரும், பயணக் கட்டணத்தோடு கூடுதல் தொகை ஒன்றையும் செலுத்தல் வேண்டும் என்பது அதன் விதி. இங்கு ஏய்க்கும் கருத்தைப் பற்றிய பேச்சே இல்லை. சீட்டு வாங்கித் தொலைத்தவனும் இதற்கு உட்பட்டவனே; கைப்பேசியில் சீட்டுப் பெற்றும் மின்னேற்றம் தீர்ந்தமையால் காட்டமாட்டாதவனும் உட்பட்டவனே. இது கடுமையாய்த் தோன்றலாம். ஆயினும் ஆயிரக்கணக்கானோர் ஏறியிறங்கும் வண்டியில் ஒவ்வொருவர் உள்ளத்தையும் ஆராய்ந்துகொண்டு நிற்றல் பரிசோதகருக்கு இயலாது. அதனால் சட்டம் அவரிடம் தொகையை வசூலிக்கும் அதிகாரத்தை மட்டும் ஒப்படைத்தது. உள்ளத்தை ஆராயும் வேலையை நீதிபதிக்கு ஒதுக்கியது.

இவ்வேறுபாட்டினின்றும் விளையும் பயன் பெரிது. 138-ஆம் பிரிவின்படி கூடுதல் தொகையைச் செலுத்துவோன், "என்னிடம் அப்பொழுது காட்டுதற்குச் சீட்டு இல்லை" என்பதை மட்டுமே ஒப்புகின்றான். 137-ஆம் பிரிவின்படி குற்றத்தை ஒப்புவோன், "யான் ஏய்க்கக் கருதினேன்" என்று ஒப்புகின்றான். முன்னது ஒரு கடன். பின்னது ஒரு குற்றம்.

தொகையின் கணக்கு

138-ஆம் பிரிவின்படி கூடுதல் தொகையாவது பயணக் கட்டணத்துக்குச் சமமான தொகை, அல்லது 250 ரூபாய், இவற்றுள் எது மிகுதியோ அது. பயணக் கட்டணம் 10 ரூபாயாயின் கூடுதல் தொகை 250. இரண்டும் சேர்ந்து 260 ரூபாய். கட்டணம் 400 ரூபாயாயின் கூடுதல் தொகையும் 400. மொத்தம் 800 ரூபாய். இக்கணக்கை அறிந்தோன், இதற்கு மேற்பட்ட தொகை கேட்கப்படுமாயின் காரணம் வினவக்கூடும்.

எங்கே ஏறினான் என்பதில் ஐயம் உளதாயின், அவ்வண்டி புறப்பட்ட நிலையத்தினின்றும் கட்டணம் கணக்கிடப்படும். இடையே சீட்டுகள் பரிசோதிக்கப்பட்டிருந்தால், கடைசியாகப் பரிசோதித்த இடத்தினின்றும் கணக்கிடப்படும். நெடுந்தூரத்தினின்று வரும் விரைவு வண்டியில் செங்கற்பட்டில் ஏறிய ஒருவன் தாம்பரத்தில் பிடிபட்டால், ஏறிய இடத்தைக் காட்டும் சான்று அவனுக்கு எத்துணைப் பயன்படும் என்பது இதனால் விளங்கும். அன்று செங்கற்பட்டுக்கு வந்த பேருந்துச் சீட்டும், நிலையத்தருகே பண்டம் வாங்கிய ரசீதும், கைப்பேசி வழியாகப் பணம் செலுத்திய குறிப்பும் அப்பொழுது பேசும்.

சீட்டின் எல்லையைக் கடந்தவனும், உயர்ந்த வகுப்பில் ஏறியவனும், முழுக் கட்டணத்துக்கன்றி வேறுபடும் கட்டணத்துக்கே கடன்பட்டவர். அதனோடு மேற்கூறியவாறு கூடுதல் தொகை சேரும். மாதச் சீட்டு வைத்திருப்போர் இதனை நினைவிற் கொள்வாராக.

சீட்டு வாங்க நேரமில்லாதவனுக்கும் சட்டம் ஒரு வழி விட்டிருக்கின்றது. 55-ஆம் பிரிவின்படி, ஏறுமுன் அதிகாரம் பெற்ற ரெயில்வே ஊழியரிடம் சென்று, பின்னர்க் கட்டணம் செலுத்துவதாகச் சொல்லி அனுமதியும் சான்றுச் சீட்டும் பெறலாம். அச்சான்று கையிலிருந்தால் கட்டணம் மட்டுமே கொடுத்தல் வேண்டும். கூடுதல் தொகை இல்லை. முன்வந்து சொல்பவனை ஒரு வகையாகவும், பிடிபட்டபின் சொல்பவனை வேறு வகையாகவும் சட்டம் நடத்துகின்றது. வல்லக்கோட்டையினின்று ஓடிவந்து மேடையில் மூச்சிரைக்க நிற்கும் தொழிலாளிக்கு இவ்வொரு விதியைச் சொல்லிக்கொடுத்தல் பேருதவியாம்.

பணம் செலுத்தாதாரை வண்டியினின்றும் இறக்கும் அதிகாரம் 139-ஆம் பிரிவில் உளது. ஆயினும் ஆண்துணையின்றிச் செல்லும் பெண்ணையும் குழந்தையையும் நினைத்த இடத்தில் இறக்கிவிடல் ஆகாது. அவர் புறப்பட்ட நிலையத்தில், அல்லது சந்திப்பு நிலையத்தில், அல்லது வண்டி முடியும் நிலையத்தில், அல்லது மாவட்டத் தலைநகர் நிலையத்தில், பகற்பொழுதில் மட்டுமே இறக்கலாம். இரவு முறை முடித்து மீளும் பெண் தொழிலாளர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

மெய்ப்பித்தல் யார் கடன்?

இனி, வழக்கு நீதிமன்றம் சென்றால் யார் எதனை மெய்ப்பித்தல் வேண்டும் என்பதைக் காண்போம். 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு, ஒருவனுக்கே சிறப்பாகத் தெரிந்த செய்தியை மெய்ப்பிக்கும் கடன் அவனையே சாரும் என்றது. அதற்குச் சட்டம் வகுத்தோர் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று புகைவண்டிப் பிரயாணியைப் பற்றியதே. சீட்டின்றிப் பிரயாணம் செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவன், தன்னிடம் சீட்டு இருந்ததைத் தானே மெய்ப்பித்தல் வேண்டும் என்பது அது. 2024 ஜூலை 1 முதல் வழங்கும் பாரதிய சாட்சிய சட்டத்திலும் 109-ஆம் பிரிவாக அது நிலைத்திருக்கின்றது.

இதைக் கொண்டு பிரயாணியின் கை முற்றும் கட்டப்பட்டதென எண்ணுதல் தவறு. சீட்டு இருந்தது என்பதை மெய்ப்பிக்கும் கடனே அவனுடையது. ஏய்க்கும் கருத்து இருந்தது என்பதை மெய்ப்பிக்கும் கடன் குற்றம் சாட்டுவோருடையது. ஆனால் அதே பிரிவு இன்னொன்றும் சொல்கின்றது: செயலின் தன்மையும் சூழ்நிலையும் ஒரு கருத்தைக் காட்டுமாயின், தன் கருத்து அதுவன்று என்பவன் அதனை மெய்ப்பித்தல் வேண்டும். ஆகவே சூழ்நிலையே இங்குத் தீர்ப்பளிக்கும். தேதி திருத்திய சீட்டு, பிறன் பெயரிலுள்ள மாதச் சீட்டு, பரிசோதகரைக் கண்டபின் கைப்பேசியில் அவசரமாய் வாங்கிய சீட்டு, கழிவறையில் ஒளிந்திருத்தல் ஆகியவை ஏய்ப்பின் முகங்கள். முன்னாள் வரை தொடர்ந்து வாங்கிய மாதச் சீட்டு, வரிசையில் நின்றதைக் கண்ட துணைவர், பணம் சென்றும் சீட்டு வாராமையைக் காட்டும் வங்கிக் குறிப்பு, கேட்குமுன்னரே பரிசோதகரிடம் சென்று சொன்னமை ஆகியவை நேர்மையின் முகங்கள். நேர்மையாளன் தன் சூழ்நிலையைச் சிதையாமற் காத்து வைத்தலே அவனுக்குரிய முதற்பணி.

சீட்டு இல்லாமை ஒன்றே முடிந்த முடிபன்று என்பதற்கு நம் நாட்டு உச்சநீதிமன்றத்தின் வாக்கும் உளது. புகைவண்டி விபத்தில் இறந்தோர் குடும்பத்துக்கு உரிய இழப்பீடு பற்றிய வழக்கொன்றில், 2018 மே 9-ஆம் நாள் அம்மன்றம், இறந்தவரிடம் சீட்டுக் காணப்படாமையாலேயே அவர் முறையான பிரயாணி அல்லர் என்று கொள்ளுதல் ஆகாது என்றது. உண்மைகளைக் கூறும் பிரமாணப் பத்திரத்தால் குடும்பத்தார் தம் முதற்கடனைத் தீர்க்கலாம் என்றும், அதன்பின் கடன் ரெயில்வேயினிடம் செல்லும் என்றும் அது தெளிவாக்கிற்று. அது இழப்பீட்டு வழக்கு, ஏய்ப்பு வழக்கன்று. ஆயினும் தாள் தொலைதலுக்கும் உரிமை தொலைதலுக்கும் இடையே நீதி கண்ட வேறுபாடு நாம் கூறிவரும் பொருளுக்கு அணுக்கமானது.

வண்டியில் செய்யத்தக்கன

பரிசோதகர் சீட்டைக் கேட்கும்போது சினத்துக்கு இடங்கொடுத்தல் ஆகாது. அவர் தம் கடமையைச் செய்கின்றார். ஏய்ப்போர் பலரை நாள்தோறும் கண்டு நம்பிக்கை இழந்தவராயும் இருக்கலாம். ஐயம் தோன்றினால் அவருடைய அடையாள அட்டையைப் பணிவாகக் காட்டச் சொல்லலாம். நடந்ததை முதற்சொல்லிலேயே உள்ளவாறு சொல்லுதல் வேண்டும். முதலில் ஒன்றும் பின்னர் ஒன்றும் சொல்பவனை எவரும் நம்பார்.

அதன்பின் தொகை எதற்காகக் கேட்கப்படுகின்றது என வினவுக. கூடுதல் தொகையாயின் செலுத்தி ரசீது பெறுக. ரசீதின்றி ஒரு காசும் கொடுத்தல் ஆகாது. அத்தகைய கொடை அபராதமன்று, கைக்கூலியே; கொடுத்தவனும் குற்றத்தில் பங்காளியாவான். ரசீதில் எழுதிய புறப்பாட்டிடம், தேதி, வண்டி, தொகை ஆகியவை சரியோ எனப் படித்துப் பார்க்க. தமக்குத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில், அதைப் படித்துக் காட்டி விளக்காதவரை, கையொப்பமிடுதல் கூடாது. கூடுதல் தொகையைக் கொடுக்க மறுத்தால் வழக்கு மாஜிஸ்திரேட்டினிடம் செல்லும். அவர் வசூலிக்கக் கட்டளையிடலாம். அதற்கும் செலுத்தாவிடில் பத்து நாளுக்குக் குறையாமல் ஒரு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். ஆதலின் சிறு தொகையாயின், பணத்தைச் செலுத்தி, மறுப்பைப் பின்னர் எழுத்தில் தெரிவித்தலே அறிவுடைமை.

இவ்வழிக்கு ஒரு பெரியார் வாழ்க்கையிற் காணும் சான்று நாம் அறிந்ததே. 1893 ஜூன் 7-ஆம் நாள் இரவு, தென்னாப்பிரிக்காவில் முதல் வகுப்புச் சீட்டோடு பிரயாணம் செய்த மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி, நிறத்தின் காரணமாக வேறு பெட்டிக்குப் போகச் சொல்லப்பட்டார். மறுத்தமையால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் இறக்கிவிடப்பட்டார். சீட்டு உடையவரே நீக்கப்பட்டமையின் அது ஏய்ப்பு வழக்கின் மறுபுறம் எனலாம். அவர் அங்குக் கைகலப்பில் இறங்கவில்லை, தானாகவும் இறங்கவில்லை. குளிரில் இரவைக் கழித்து, மறுநாட் காலையில் ரெயில்வேயின் தலைமை மேலாளருக்கு நீண்ட தந்தி ஒன்று அனுப்பினார். அநீதியை எதிர்க்கும் போரின் முதற்படைக்கலம் தேதியிட்ட ஒரு முறையீடாய் இருந்தமை கருதத்தக்கது.

இந்நாளில் தந்தி இல்லை. 139 என்னும் தொலைபேசி எண்ணும், ரெயில் மதத் என்னும் முறையீட்டு வாயிலும், கோட்ட வணிக மேலாளரின் அலுவலகமும் உள்ளன. முறையீட்டில் ரசீதின் எண், வண்டியின் எண், நாள், நேரம், நடந்தது, கையிலுள்ள சான்றுகள், வேண்டும் பரிகாரம் ஆகிய ஏழும் இருத்தல் வேண்டும்; வசைச்சொல் ஒன்றும் இருத்தல் கூடாது. அதனாற் பயன் இல்லையேல் கட்டணத்தைத் திரும்பப் பெறுதற்கு ரெயில்வே உரிமைக் கோரிக்கைத் தீர்ப்பாயம் உளது. சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் உளது. உத்தரப் பிரதேசத்து மதுரா நகரில் 1999 டிசம்பர் 25-ஆம் நாள் வழக்கறிஞர் ஒருவரிடம், 70 ரூபாய்க்குரிய இரு சீட்டுகளுக்கு 90 ரூபாய் வாங்கப்பட்டது. இருபது ரூபாய்க்காக அவர் தொடுத்த வழக்கு 2022 ஆகஸ்டில் அவருக்குச் சார்பாக முடிந்தது. அத்தொகையை வட்டியோடு திருப்பித் தரவும், 15,000 ரூபாய் செலுத்தவும் நுகர்வோர் மன்றம் ரெயில்வேக்குக் கட்டளையிட்டது. இருபத்திரண்டு ஆண்டுக் காத்திருப்பு எல்லார்க்கும் இயல்வதன்று. ஆயினும் ரசீதைக் காத்தவன் வழக்கையும் காத்தான் என்பது அதன் பாடம்.

மாஜிஸ்திரேட்டின் முன்

பிரயாணி எச்சரிக்கையாய் இருக்கவேண்டிய இடம் நீதிமன்றத்தின் முன் நிற்கும் அவ்வொரு நிமிடமே. ஒரே நாளில் பலரை நிறுத்தி விசாரிக்கும் அங்கு, "ஒப்புக்கொள், அபராதத்தைக் கட்டு, அடுத்த வண்டிக்கு வீடு போகலாம்" என்று அருகிருப்போர் சொல்லுவர். வேலைக்கு நேரமாகின்றது என்னும் கவலையும் உடன் நெருக்கும். அவ்விடத்தில் "ஒப்புகின்றேன்" என்று சொல்லும் ஒரு சொல், ஏய்க்கும் கருத்து இருந்ததெனத் தன் வாயாலேயே உரைப்பதாகும். அவ்வாறு ஒப்பியபின், தண்டனையின் அளவையும் அதன் சட்டப் பொருத்தத்தையும் பற்றியன்றி, குற்றமில்லை என்று மேல்முறையீடு செய்ய இடமில்லை.

ஆகவே மாஜிஸ்திரேட்டு குற்றத்தின் சாரத்தைக் கூறி, "ஒப்புகின்றாயோ?" எனக் கேட்கும்போது, எப்பிரிவின்கீழ் வழக்கு என்பதைக் கேட்டறிதல் வேண்டும். கருத்தில் வஞ்சகம் இல்லாதவன், "சீட்டைக் காட்டமாட்டாமை உண்மை, கூடுதல் தொகையைச் செலுத்த ஆயத்தமாயுள்ளேன், ஏய்க்கும் கருத்து எனக்கு இல்லை, அதனை ஒப்பேன்" என்று சொல்லல் வேண்டும். மொழி தெரியாதவன் மொழிபெயர்ப்பாளரை வேண்டலாம். வழக்கறிஞர் இல்லாதவன் சட்ட உதவியை வேண்டலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் இலவச உதவிக்கு உரியோராகப் பெண்களையும், குழந்தைகளையும், பட்டியல் சாதியாரையும், பழங்குடியினரையும், காவலில் உள்ளோரையும் குறிப்பதோடு தொழிற்சாலைத் தொழிலாளரையும் பெயர் சொல்லிக் குறிக்கின்றது. ஒரகடத்து ஆலையில் உழைக்கும் இளைஞன் அவ்வுதவிக்கு உரியவனே. அறிந்து கேட்போர்தாம் சிலர்.

பிறநாட்டுப் பாடம்

திறந்த நீதிமன்றத்தில் கருத்தை ஆராய்தல் ஏன் இத்துணை இன்றியமையாதது என்பதை அண்மையில் இங்கிலாந்து கண்டது. நம் 1890-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஓராண்டு மூத்தது அந்நாட்டின் 1889-ஆம் ஆண்டு ரெயில்வே ஒழுங்குச் சட்டம். கட்டணத்தைத் தவிர்க்கும் கருத்தோடு பிரயாணம் செய்தலை அதுவும் குற்றமாக்கியது. பிற்காலத்தில், சிறு குற்றங்களை ஒரு நீதிபதி தனியறையில், குற்றஞ்சாட்டப்பட்டவர் வாராமலே, தாள்களைக் கொண்டு முடிக்கும் விரைவுமுறை அங்கு ஏற்பட்டது. ரெயில்வே நிறுவனங்களுக்கு அம்முறையைப் பயன்படுத்த 2016-இல் இடமளிக்கப்பட்டபோது, 1889-ஆம் ஆண்டுச் சட்டத்துக் குற்றங்கள் அதில் சேர்க்கப்படவில்லை. ஆயினும் பல நிறுவனங்கள் அக்குற்றங்களையும் அவ்வழியே தொடுத்தன. 2024 ஆகஸ்டு 15-ஆம் நாள், வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றத்தில் தலைமை மாஜிஸ்திரேட்டு பால் கோல்ட்ஸ்பிரிங், மாதிரிக்கெனத் தெரிந்தெடுத்த ஆறு வழக்குகளின் தீர்ப்புகள் செல்லாதவை என்றார். அதனால் தீண்டப்பட்ட வழக்குகள் ஏறத்தாழ 74,000 என்று கணக்கிடப்பட்டது. அவருள் உண்மையாய் ஏய்த்தவரும் இருந்திருப்பர். ஆனால் உள்ளத்தை ஆராயவேண்டிய இடத்தில் தாளை மட்டும் ஆராய்ந்தால், ஏய்த்தவனையும் ஏமாந்தவனையும் பிரித்தறிய வழியின்றிப் போம் என்பதை அத்தீர்ப்பு உலகுக்கு உணர்த்திற்று.

முடிவுரை

மாணவர்காள், இவற்றைக் கூறியது சீட்டின்றிப் பிரயாணம் செய்தற்குத் துணிவூட்டவன்று. கட்டணம் கொடாதான் கவர்வது அரசின் பொருளை மட்டுமன்று. அருகே நின்று வரும் ஏழைத் தொழிலாளி தன் கூலியினின்றும் கொடுத்த காசின் பயனையும் கவர்கின்றான். மேலும், ஏய்ப்போர் பெருகப் பெருக நேர்மையாளர் சொல்லை நம்புவார் குறைவர். பொய்ச் சாக்குகளைக் கேட்டுக் கேட்டுச் சலித்த பரிசோதகரின் செவியில் மெய்யும் சாக்காகவே விழுகின்றது. வஞ்சகத்தின் பெருந்தீங்கு இதுவே.

எனவே, சீட்டை வாங்குக. ஏறியிறங்கி வெளிவரும்வரை காக்க. கைப்பேசியை நம்புவோர் அதன் மின்னேற்றத்தையும் நோக்குக. தவறு நேர்ந்தால் முன்வந்து சொல்லுக. கொடுக்கவேண்டியதைக் கொடுத்து ரசீது பெறுக. செய்யாத வஞ்சகத்தை மட்டும், எத்துணை விரைவில் வீடு சேரலாமாயினும், ஒப்பற்க. ரெயில்வேயில் அலுவல் பார்க்கும் நம் பழைய மாணவருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு: சீட்டில்லாமல் உம்முன் நிற்பவனிடம் தொகையைத் தயங்காது கேளுங்கள், ஆனால் அவனைக் கள்வன் என்று அழைக்குமுன், 137-க்கும் 138-க்கும் இடையே சட்டம் இட்ட கோட்டை ஒருமுறை நினையுங்கள். நாளை வல்லக்கோட்டையினின்று வந்து, மொழி தெரியாது, சீட்டைத் தேடிப் பையைத் துழாவி நிற்கும் இளைஞன் ஒருவனைக் காணும் நம் மாணவர், அவனருகிற் சென்று அவன் சொல்வதைப் பரிசோதகருக்கு எடுத்துரைப்பாராயின், இக்கட்டுரை எழுதப்பட்டதன் பயன் அதுவேயாம்.